பெயர்ப்பலகை மாட்டிய பிராசஸர்

ஒரு லேப்டாப்புக்குள் இருக்கும் பிராசஸரின் பெயரை எந்தெந்த வழியில் கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுப்பது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது, குரங்கு வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வது, இதுதான் என் வேலை. பி.காம். படித்திருக்கிறேன். இங்கிலீஷ் பேச வரும். கம்ப்யூட்டரில் புக்கிங் பார்ப்பேன், பில் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பிராசஸர் விஷயம் இன்று எனக்கு மனப்பாடம். என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டது. அவள் எனக்குப் பாடம் நடத்த நினைத்துச் சொல்லவில்லை. தன்னை யார் ஏமாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கிற வேகத்தில் சொன்னாள். ஏமாற்றியவள் எதிரே உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கெஸ்ட் ஹவுஸின் ஆறாம் அறைக் கதவில் ஒரு பலகை இருக்கிறது. மலை தெரியும் அறை என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். எழுதியது நான்தான். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். பாத்ரூமுக்குள் போய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலையின் ஒரு தோள்பட்டை தெரியும். முதலாளி சொன்னார், எழுதினேன். இந்த ஊருக்கு வருகிறவர்கள் மலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பலகை இருந்தால் அறை காலியாக இருப்பதில்லை. ஒரு வெளிநாட்டு அம்மா மட்டும் ஒரு முறை கீழே இறங்கி வந்து, "தரிசனம் கிடைத்தது, ஆனால் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அடுத்த தெருவில் மூன்று பக்கமும் சுவர் இருக்கும் அறைக்குக்கூட இதே பெயரில் பலகை உண்டு. பலகையால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்றுதான் நான் பல வருடங்களாக நம்பிவந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் லேப்டாப் கடைக்குப் போனேன்.

மகள் அப்போது நம்மூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தாள். கல்லூரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். என்ன மாதிரி லேப்டாப் வேண்டும், எவ்வளவு மெமரி வேண்டும் என்று வரிசையாக இருந்தது. அதில் பிராசஸர் என்ற இடத்தில் ஐ ஃபைவ் என்று இருந்ததை அவள் பேனாவால் வட்டம் போட்டு என்னிடம் காட்டினாள்.

"மா, இது மட்டும் கம்மியா வாங்கிடாத. கிளாஸ்ல எல்லாரும் ஐ ஃபைவ்தான். சில பேரு ஐ செவனே வச்சிருக்காங்க."

"வாங்கித் தரேன்டி. நான் எப்ப இல்லன்னு சொல்லியிருக்கேன்?"

அவள் அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு இரண்டு முறை வருவார். போனில் கேட்டபோது, "பொண்ணு கேக்கறத வாங்கிக் குடு, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும் என்று வீட்டில் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நானும் கலைக்கவில்லை.

சீசன் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். போகும்போது ஸ்கூட்டர், கேஸ் அடுப்பு, மெத்தை, லேப்டாப் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவார்கள். லேப்டாப்புகள் டவுனில் தேரடிப் பக்கம் இருக்கும் ஒரு கடைக்குப் போய்ச் சேரும். கடைக்காரர் என் வயதுக்காரர். எங்கள் கெஸ்ட் ஹவுஸ் கம்ப்யூட்டரை அவர்தான் ரிப்பேர் பார்ப்பார். அவரிடம் போனேன்.

"ஐ ஃபைவ் வந்தா நிக்கறதே இல்லக்கா. காலைல வந்தா மத்தியானம் போயிடுது. இது ஐ த்ரீ. நல்ல மெஷின். ஒரு ஜெர்மன்காரம்மா வச்சிருந்தது. யோகா வீடியோ தவிர ஒண்ணும் ஓட்டல. மெஷினும் சாந்தமா இருக்கும்."

"பொண்ணு ஐ ஃபைவ்னுதான் கேட்டிருக்கா."

"இன்னா படிக்குது?"

சொன்னேன்.

"முதல் வருஷந்தானே. இதுவே ஜாஸ்தி. பொண்ணு எங்க போய்ப் பாக்கும்? செட்டிங்ஸ்ல போயிப் பாக்கும். அங்க ஐ ஃபைவ்னு வர மாதிரி பண்ணிக் குடுத்துடறேன். பொண்ணுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம்."

"அப்படில்லாம் பண்ண முடியுமா?"

"பேருதானேக்கா."

அந்த நேரத்தில் எனக்கு ஆறாம் அறையின் பலகை ஞாபகம் வந்தது. பயம் வரவில்லை. தைரியம்தான் வந்தது. கையில் இருந்த பணத்துக்குப் புது ஐ ஃபைவ் வராது, பழையது கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், மறு நாள் சரியாகிவிடுவாள். அவள் அப்படிப்பட்ட பெண்தான். ஆனால் வகுப்பில் அவள் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது போல ஒரு காட்சி என் மனதில் ஓடியது. நான் தலையை ஆட்டினேன். எதிர்க் கடையில் நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்டிக்கரை உரித்துவிட்டு வேறொன்றும் ஒட்டியிருந்தார். அது நான் கேட்காதது. கூடவே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் முதலில் செய்தது, கடைக்காரர் சொன்னபடி, செட்டிங்ஸில் போய்ப் பார்த்ததுதான். "ஐ ஃபைவ்மா!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஸ்டிக்கரைப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். நான் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது ஆரம்பத்திலிருந்தே மெதுவாகத்தான் ஓடியது. ஒரு வருடம் போனதும் அவள் வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினாள்: "ஐ ஃபைவ்னு பேரு. நடக்கறது கிரிவலம் மாதிரி நடக்குது. அதுவும் பௌர்ணமிக் கூட்டத்துல." நானும் சேர்ந்து சிரித்தேன். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டம் எப்படி நகரும் என்பது எங்களுக்குத் தெரியும்.

கடைசி வருடத்தில் ஒரு நாள் அவள் கேட்டாள். இதை நான் மறக்க மாட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மா, இதுல கோர் ரெண்டுதான் காட்டுது. ஃப்ரெண்டோட ஐ ஃபைவ்ல நாலு காட்டுது. கடைக்காரர் ஏதாவது சொன்னாரா வாங்கும்போது?"

கோர் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பிராசஸருக்குள் வேலை பார்க்கிற ஆட்கள் மாதிரி என்று பிறகு சொன்னாள். பெயரை மாற்றிய கடைக்காரர் ஆட்களின் எண்ணிக்கையை மாற்றவில்லை. மாற்றவும் முடியாதோ என்னவோ. நான் கத்தியை நிறுத்தாமல், "ஒண்ணும் சொல்லலயே" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து அவளே வந்தாள். "பழைய மாடல் ஐ ஃபைவ்ல ரெண்டுதான் இருக்குமாம்மா. நெட்ல போட்டிருக்கான். நம்மளுது பழசு, அதான்." நான் சொன்னதை நம்பிவிட்டு, அதற்குக் காரணத்தையும் அவளே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா, பழசுதான்" என்று சொன்னேன்.

படிப்பு முடியும் முன்பே ஒரு கம்பெனியில் இரண்டு சுற்றுத் தேர்வுகளில் அவள் தேறிவிட்டாள். கடைசிச் சுற்று வீட்டிலிருந்தே எழுதலாம். அதில் தேறினால் பெங்களூரில் வேலை. அவள் வகுப்பில் அந்தச் சுற்று வரை போனது அவள் ஒருத்திதான். தேர்வு எழுத ஒரு சாஃப்ட்வேர் அனுப்பியிருந்தார்கள். அது கேமரா வழியாக முகத்தைப் பார்க்கும், அறையில் வேறு குரல் கேட்கிறதா என்று கவனிக்கும். இரண்டு நாள் முன்னால் ஒத்திகை வைத்தார்கள். கேமரா, மைக், நெட் மூன்றையும் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றது.

எங்கள் வீட்டில் நெட் விட்டு விட்டு வரும். அதனால் முதலாளியிடம் கேட்டு ஆறாம் அறையை வாங்கினேன். மத்தியானம் ஒரு குடும்பம் வரும், அதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்றார். தேர்வு காலை பத்து மணிக்கு. அவள் நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டிலை நகர்த்தி மேசையைச் சுவரோரம் போட்டோம். "மா, நீ உள்ள வந்துடாத. உன் தல தெரிஞ்சாலும் வெளிய தள்ளிடுவாங்க" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினாள். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிரே கதவில் என் கையெழுத்தில் அந்தப் பலகை.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது.

"மா, வெளிய தள்ளிடுச்சு."

நெட் போய்விட்டது என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. இந்தக் கணினியின் விவரங்கள் மாற்றப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, தேர்வு நிறுத்தப்பட்டது என்று இருந்தது. உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பையன் குரல். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"மேம், சிஸ்டம் டேம்பர்டுனு வருது மேம்."

"நான் ஒண்ணுமே பண்ணலங்க. இது என்னோட சொந்த லேப்டாப்புங்க."

"பிராசஸர் டீட்டெய்ல்ஸ் மேட்ச் ஆகல மேம். ஓ.எஸ். ஒண்ணு சொல்லுது, பிராசஸர் ஒண்ணு சொல்லுது. ரெக்கார்ட் ஆயிடுச்சு மேம். இனிமே எங்க கையில இல்ல."

"திரும்ப ஒரு தடவ விடுங்க. பிளீஸ். வேற லேப்டாப் கொண்டு வரேன்."

"சாரி மேம். மெயில் போடுங்க மேம்."

போனை வைத்தாள். அழவில்லை. அவளுக்கு அழுவதற்கு முன்னால் காரணம் தெரிய வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். நெட்டில் ஏதோ தேடி, ஒரு சின்ன புரோகிராமை இறக்கினாள். அது திறந்ததும் பக்கத்தில் செட்டிங்ஸையும் திறந்து வைத்தாள். இரண்டு கட்டங்கள் அருகருகே. ஒன்றில் ஐ ஃபைவ். இன்னொன்றில் ஐ த்ரீ.

"இது எப்பிடிமா?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டாள். நான் பதில் சொல்லாமல் இருந்ததால் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து விளக்க ஆரம்பித்தாள்.

"நம்ம ரிசப்ஷன் மாதிரின்னு வச்சிக்கமா. கெஸ்ட்டுங்க நேரா கிச்சனுக்குள்ள பூந்து பாக்க முடியாது இல்ல? உன்னக் கேப்பாங்க. நீ ரிஜிஸ்டரப் பாத்துச் சொல்லுவ. அதே மாதிரிதான். புரோகிராம் எதுவும் ஹார்டுவேர நேராத் தொடக் கூடாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தக் கேக்கணும். பிராசஸர் பேரு இன்னா, எத்தன கோர், என்னென்ன வேல தெரியும், எல்லாத்தையும் அதான் சொல்லும்."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஆன் பண்ணும்போதே அது பிராசஸரக் கேட்டு, ஒரு எடத்துல எழுதி வச்சிக்கும். அப்புறம் யாரு பேரக் கேட்டாலும் அந்த எடத்தப் பாத்துதான் சொல்லும். மறுபடியும் பிராசஸர்கிட்ட போகாது. செட்டிங்ஸும் அதத்தான் காட்டுது."

"அப்ப அந்த இன்னொண்ணு?"

"அதான்மா விஷயம். பிராசஸர் கிட்ட ஒரே ஒரு கேள்வி மட்டும் எந்த புரோகிராம் வேணாலும் நேராக் கேக்கலாம். நீ யாருன்னு. அதுக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட பர்மிஷனே வேணாம். பிராசஸரே பதில் சொல்லிடும். இந்தப் புரோகிராம் அப்படித்தான் கேக்குது. டெஸ்ட்டும் ரெண்டு எடத்துலயும் கேட்டிருக்கு."

"எதுக்கு ரெண்டு எடத்துல கேக்கணும்?"

"காப்பி அடிக்கறவன் ஒரு மெஷினுக்குள்ள பொய்யா இன்னொரு மெஷின ஓட்டுவான். டெஸ்ட் உள்ள இருக்கறதுல நடக்கும். வெளிய இருக்கறதுல பதிலத் தேடுவான். அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பேரு ஒத்துப்போகாது. அதப் புடிக்கத்தான்." சொல்லிவிட்டு இரண்டு கட்டங்களையும் மூடினாள். "இப்ப நானும் அவங்க லிஸ்ட்டுல இருக்கேன்."

பிறகு அவள் செய்ததுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது. லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தாள். திரை வந்ததும் வராததுமாக வேறு எதையும் தொடாமல் செட்டிங்ஸுக்குப் போனாள். ஐ த்ரீ என்று இருந்தது. அந்தக் கட்டத்தை மூடி, கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தாள். ஐ ஃபைவ். இன்னொரு முறை அணைத்துச் சரிபார்த்தாள். மறுபடியும் அதேதான்.

"பாத்தியா? ஆன் ஆனதும் உண்மையச் சொல்லுது. அப்புறம் ஏதோ ஒண்ணு ஓடி, எழுதி வச்சிருக்கறத அழிச்சிட்டு ஐ ஃபைவ்னு எழுதுது. ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும். இத்தன வருஷமா."

அந்த அரை நிமிடத்தில் அவள் ஒரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. முதல் நாள் பார்த்து நம்பிவிட்டவள் ஏன் திறக்கப் போகிறாள்?

அவள் என் கையைப் பிடித்தாள். "கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டாம்மா. உனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு தெரிஞ்சே பண்ணியிருக்கான். வா, போலாம். கேக்கலாம். இல்லன்னா கம்ப்ளெய்ண்ட் குடுக்கலாம்."

என் மேல் பரிதாபப்பட்டாள். வேலை போனது அவளுக்கு. கோபம் எனக்காக. அப்போது சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார், மன்னிப்புக் கேட்டு நல்ல மெஷின் ஒன்று கொடுத்துவிடுவார், நான் தப்பித்துவிடுவேன் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. எழுதவே கூசுகிறது. ஆனால் ஓடியது.

கட்டிலைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். அவள் ஸ்கூட்டி ஓட்டினாள். நான் பின்னால் லேப்டாப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

கடையில் அவர் ஒரு கீபோர்டைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் லேப்டாப்பைத் திறந்து இரண்டு கட்டங்களையும் காட்டினாள். "இன்னாங்க இது? எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே இப்படிப் பண்ணீங்க? என் வேலையே போச்சு தெரியுமா?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தேரடிப் பக்கம் போகும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க சொல்லலயா?"

"என்ன சொல்லல?" என்றாள் மகள்.

"உங்கம்மாவக் கேளு பாப்பா. நான் ஐ த்ரீன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஐ த்ரீக்குதான் பில்லும். பேர மாத்தித் தரேன்னு சொன்னேன், சரின்னாங்க. நான் பேரத்தானே மாத்தினேன், மெஷினயா மாத்தினேன்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் வருவதற்குக்கூட வழி இல்லாமல் போய்விட்டது.

மகள் திரும்பினாள். "நெஜமாமா?"

"ம்."

"கோர் ரெண்டு காட்டுதுன்னு கேட்டப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"இப்ப ரூம்ல உக்காந்து அவ்ளோ நேரம் சொன்னேனே, அப்பவும்?"

தலையை ஆட்டினேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நடுக்கடையில் கத்தினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள் கடைக்காரரிடம் திரும்பி, "அத எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் எடுக்கும் வரை பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் போட்டிருந்தார், எப்படி எடுக்கிறார் என்று கவனமாகப் பார்த்தாள். எடுத்ததும் ஒரு முறை அணைத்து ஆன் செய்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, செட்டிங்ஸைத் திறந்தாள். ஐ த்ரீ. மறுபடி திறந்தாள். ஐ த்ரீ. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து அவர் மேசை ஓரத்திலேயே ஒட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"நீ ஓட்டு" என்றாள். பின்னால் அவள் இருக்கிறாளா என்று கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்று பின்கம்பியைப் பிடித்திருந்தாள்.

கம்பெனிக்கு மெயில் போடுவதற்கு நான்தான் எழுதினேன். மகளுக்கு எதுவும் தெரியாது, லேப்டாப் வாங்கியது நான், பெயரை மாற்றச் சம்மதித்ததும் நான் என்று இங்கிலீஷில் ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டு, என் அடையாள அட்டைப் பிரதியும் வைத்தேன். தினமும் எத்தனையோ பேருடைய பிரதியை எடுக்கிறவள், என்னுடையதை அன்றுதான் முதல் முறை எடுத்தேன். அவள் படித்துப் பார்த்தாள்.

"எங்கம்மா பண்ணாங்க, நான் பண்ணலன்னு ஸ்கூல் பசங்க எழுதற மாதிரி இருக்கு. சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்டி. அனுப்பு."

அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. தேர்வுக்குக் கொண்டுவரும் கணினிக்குத் தேர்வு எழுதுபவரே பொறுப்பு, முடிவில் மாற்றம் இல்லை. நான் எழுதிய ஒரு பக்கத்தை யாராவது படித்தார்களா என்று தெரியவில்லை. அவள் அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "ஐ த்ரீன்னே சொல்லிக் குடுத்திருந்தா டெஸ்ட்ட எழுதியிருப்பாளா?" என்று கேட்டார். எழுதியிருப்பாள். அந்தத் தேர்வுக்கு ஐ த்ரீயே போதும். கம்பெனி அனுப்பிய தாளில் அப்படித்தான் இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.

இப்போது அவள் டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குப் போகிறாள். வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தேர்வு என்றால் பிரவுசிங் சென்டரில் போய் எழுதுகிறாள். வீட்டில் அதே லேப்டாப்தான். அது இப்போது தன் பெயரைச் சரியாகச் சொல்கிறது. வேகம் முன்பு எப்படியோ அப்படியேதான்.

நான் ஆறாம் அறைப் பலகையை ஒரு நாள் கழற்றி அலமாரியில் வைத்தேன். முதலாளி மறு நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, பலகை எங்க?"

"அங்கிருந்து மலை தெரியலயே சார்."

"தெரியுதேம்மா, பாத்ரூம்ல. இத்தன வருஷம் தெரிஞ்ச மலை இப்ப எங்க போச்சு? புக்கிங் கம்மியாயிடும். மாட்டும்மா."

மாட்டினேன். வேலையை விட முடியாது. என்னால் முடிந்தது, அந்த அறையைக் கேட்கிறவர்களிடம் வாய் வார்த்தையாக உண்மையைச் சொல்வதுதான். பாதிப் பேர் ஆன்லைனில் புக் செய்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வழியில்லை.

மகள் என்னோடு பேசுகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள், நான் கொடுக்கிற டிபன் பாக்ஸை எடுத்துப் போகிறாள், மழை வந்தால் கொடித் துணியை எடுக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. என்னை எதுவும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் கல்லூரியிலிருந்து வந்ததும், "சாப்டியா?" என்பாள். இப்போது நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள். கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்பதில்லை, சிலிண்டரை அசைத்துப் பார்க்கிறாள். கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்பதில்லை, போனில் தானே பார்த்துக்கொள்கிறாள். வேண்டுமென்று செய்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கே தெரியாமல் வந்த பழக்கம் அது.

எனக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. காலையில் ஒன்று. நேற்றுக் காலை அவள் கிளம்பும்போது நானே சொன்னேன், "மாத்திர போட்டுட்டேன்டி." அவள் சரி என்று தலையை ஆட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பி வந்தாள். அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். காலியான குழிகளை விரலால் தடவி, அன்றைய தேதியோடு மனதுக்குள் கணக்குப் பார்த்தாள்.

நான் நிஜமாகவே போட்டிருந்தேன். அவள் எண்ணி முடிக்கும் வரை கதவோரம் நின்றேன்.